இரண்டாம் கொதிகலன் வெடித்த இரவு

படிவத்தின் நான்காம் கட்டம்
பிறந்த தேதி கேட்கிறது.
மிர்லாந்த் என்னைப் பார்க்கிறாள்.
நான் படிவத்தைப் பார்க்கிறேன்.
அது யாரையும் பார்ப்பதில்லை.

"கரும்புக்காடு எரிந்த மாதம்" என்கிறாள்.
இங்கே வருடத்தில் ஐந்து மாதம் எரிகிறது.
"மழை இல்லை."
பராவோனாவில் என்றைக்கு மழை?
"ஆலையில் என்னவோ வெடித்தது.
ஊதிக்கொண்டிருந்த சங்கு
பாதியில் நின்றுபோனது.
பிரசவம் பார்த்தவள் என்னை விட்டுவிட்டு
வாசலுக்கு ஓடினாள்.
அவள் திரும்பி வருவதற்குள்
இவள் வந்துவிட்டாள்."

இவள், ஆல்டினா.
வயது பதின்மூன்று. அல்லது பன்னிரண்டு.
எட்டாம் வகுப்புப் பரீட்சை ஜூனில்.
பிறந்ததற்குக் காகிதம் இல்லாதவருக்கு
அந்த அறையில் நாற்காலி இல்லை.

எங்கள் அமைப்பு என்பது
ஒரு மேசை, ஒரு மோட்டார் சைக்கிள்,
மாதக் கடைசியில் ஊமையாகிவிடும் ஒரு தொலைபேசி.
பணம் அனுப்புகிறவர்கள் நல்லவர்கள்.
போன வாரம் எழுதியிருந்தார்கள்:
அந்தச் சிறுமியின் படம் ஒன்று வேண்டும்,
கண்கள் தெரியும்படி.
கேட்டேன்.
"படம் எடுத்தால்
அது காகிதம் ஆகிவிடுமா?" என்றாள்.
கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

ஆலையின் பழைய கிடங்கில்
எலிப்புழுக்கையும் வெல்லப்பாகு வாடையும்.
காவல்காரர் எவரிஸ்தோ
டார்ச்சை வாயில் கவ்வியபடி
கணக்குப் புத்தகங்களை இறக்கிப் போட்டார்.
மூன்று மாலைகள் புரட்டினோம்.

பிப்ரவரி ஒன்பது. இரவு பதினொன்று நாற்பது.
இரண்டாம் கொதிகலன் வெடிப்பு.
நஷ்டம்: செப்புக் குழாய் பதினாறு.
வேலை நேரம் ஆறு மணி.
கோவேறு கழுதை ஒன்று, பெயர் பலோமா.

கழுதையின் பெயரை
இரண்டு தடவை வாசித்தேன்.
நல்ல கையெழுத்து.
அதற்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது.
அந்த வரியில்தான்
ஒரு குழந்தை அழுதிருக்க வேண்டும்.

பதிவாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
"இது கொதிகலனின் ஆவணம்.
பிரசவத்தின் ஆவணம் எங்கே?
தாயின் அடையாள அட்டை?"
மிர்லாந்த் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுத்தாள்.
ஆலை கொடுத்த தகரத் துண்டு.
பெயர் கிடையாது. 4471.
பதினெட்டு வருடம்
அந்த எண்ணுக்குத்தான் கரும்பு நிறுத்தார்கள்,
டன்னுக்கு இவ்வளவு என்று
ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைத்து.
கரும்பு தின்ன அவள் கூலி கேட்டதில்லை.
வெட்டியதற்குக் கேட்டாள்.

நான் சட்டப் பிரிவைச் சொன்னேன்.
அவர் சுற்றறிக்கையைச் சொன்னார்.
நான் குரலை உயர்த்தினேன்.
அவர் மின்விசிறியை உயர்த்தினார்.
மேசைமேல் கொதிகலனின் நகல் படபடத்தது,
ஆல்டினா உள்ளங்கையால்
அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை வாருங்கள்."

இது ஏழாவது வியாழக்கிழமை.

திரும்பும் வேனில்
கோழிக்கூடைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவே
மூவரும் ஒரே இருக்கையில்.
நிறையத் தூரம் யாரும் பேசவில்லை.
பிறகு அவள் கேட்டாள்:
"அந்தக் கழுதை என்ன நிறம்?"

எனக்குத் தெரியாது. கணக்கில் இல்லை.

"சாம்பல்" என்றாள் மிர்லாந்த், ஜன்னலைப் பார்த்தபடி.
"ஒரு காது கிழிந்திருக்கும்.
நீ வயிற்றில் இருக்கும்போது
கால் வீங்கி நடக்க முடியாமல்
அதன் மேல் உட்கார்ந்து வந்திருக்கிறேன்.
சுமை ஏற்றினால் கடிக்கும்.
அன்றைக்குக் கடிக்கவில்லை."

ஆல்டினா விரல் மடக்கி எண்ணினாள்.
"அப்படியென்றால்
நாளை மறுநாள் எனக்குப் பிறந்தநாள்."

சொல்லியிருந்தேன்,
பதிவாளர் ஒப்புக்கொள்ளும் வரை
நான்காம் கட்டத்தில் பென்சில்தான் என்று.
என் சட்டைப் பையிலிருந்து
அவள் உருவியது பேனா.
வேன் குலுங்கக் குலுங்க எழுதினாள்.
ஒன்பது கொஞ்சம் கோணல்.

பென்சில் என் கையில் இருந்தது.
நான் நீட்டவில்லை.